அவர்கள் சிரிக்கும்போது ஓர் அடி நெருங்கி நில்லுங்கள்

"அக்கா, நீங்க சுட்டதுலயே ரொம்ப என்ஜாய் பண்ணது எது?"

போன வாரம் நம் சுடுதள வாட்ஸ்அப் குழுவில் உங்களில் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார். நான் பதில் எழுதுவதற்குள் நீங்களே ஆளுக்கொன்று சொல்லிவிட்டீர்கள். ஒருவர் பெரிய ரிவால்வர் என்றார். ஒருவர் பறக்கும் களிமண் தட்டைச் சுடும் ஷாட்கன் என்றார். இன்னொருவர், "சும்மா சொல்லாதே, முதல் நாள் அந்த ரிவால்வரைக் கண்டு நீ கழிப்பறைக்குப் போனது எங்களுக்குத் தெரியும்" என்று கிண்டல் செய்திருந்தார். படித்துச் சிரித்தேன். ஆனால் பதில் எழுதவில்லை. நான் மிகவும் ரசித்துச் சுட்ட துப்பாக்கியும், இந்த வேலையில் என்னை மிகவும் நடுங்க வைத்த துப்பாக்கியும் ஒன்றுதான். அதை ஒரு வரியில் எழுதினால் வேடிக்கையாகிவிடும். அதனால் இப்படி உட்கார்ந்து ஒழுங்காக எழுதுகிறேன்.

சிட்னியில் பரமட்டாவைத் தாண்டி, டயர் கடைகளுக்கும் சமையலறை அலமாரி செய்யும் பட்டறைகளுக்கும் நடுவே இருக்கும் நம் சுடுதளம் உங்களுக்குத் தெரியும். அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் வாழ்க்கையில் துப்பாக்கியைத் தொட்டதில்லை. பிறந்தநாள், திருமணத்துக்கு முந்தைய கொண்டாட்டம், அலுவலகக் குழுவின் வெள்ளிக்கிழமை அவுட்டிங் என்று வருவார்கள். கவுண்டரில் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டு, அடையாள அட்டையைக் காட்டி, காதுக்கவசமும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு சுடும் லேனுக்குள் வருவார்கள். அங்கே அவர்கள் தோளருகே நிற்கும் ரேஞ்ச் ஆபீசர் நாம். படத்தில் பார்த்த பெரிய துப்பாக்கிதான் வேண்டும் என்பார்கள். வெளியே போகும்போது, எது பிடித்தது என்று கவுண்டரில் கேட்டால், பெரும்பாலானவர்கள் வெட்கத்தோடு சொல்வது 'டுவென்டி-டூ'. இருப்பதிலேயே சிறிய தோட்டா. உதைக்காது, செவிடாக்காது, கண் மூடவைக்காது. சுட்ட இடத்தில் ஓட்டை விழும். தான் ஏதோ திறமைசாலி என்று முதல் முறை சுடுகிறவரையும் நம்பவைக்கும்.

எனக்கும் அதுதான் பிடித்தது. திருச்சியில் கல்லூரியில் படித்தபோது என்.சி.சி. முகாமில் பாயில் குப்புறப் படுத்து முதலில் சுட்டது டுவென்டி-டூ ரைபிளில்தான். சிட்னிக்கு வந்த பிறகு ஒரு கிளப்பில் சேர்ந்து மறுபடி சுடத் தொடங்கியதும் அந்த நினைவில்தான். கணக்காளர் வேலை போனபோது, ஸ்ட்ராத்ஃபீல்டிலிருந்து தினமும் வந்து போகிற தூரத்தில் இந்த வேலை இருந்தது. சேர்ந்தேன்.

எனக்கு வேலை சொல்லித் தந்தவர் என்னைவிடப் பத்து வயது சிறியவர். டாஸ்மேனியாவில் பண்ணையில் வளர்ந்த வெள்ளைக்காரப் பெண், போட்டிகளில் சுட்டவர். பெயர் எழுதினால் அவருக்குப் பிடிக்காது. தலைமை ரேஞ்ச் ஆபீசர் என்பதால் இங்கே 'தலைவி' என்றே எழுதுகிறேன். அவர் பேசிய ஆங்கிலத்தைத் தமிழில் தருகிறேன்.

சேர்ந்த முதல் வாரம், காலியான ரிவால்வர் ஒன்றை என்னிடம் காட்டி, "இதன் உருளையை இறுக்கிப் பிடி" என்றார். தோட்டாக்கள் வட்டமாக உட்கார்ந்திருக்கும் அந்த நடுப்பகுதியைத்தான் சொன்னார். குழலின் வாய்க்கு முன்னால் விரல் போகாதபடி மேலிருந்து பிடித்தேன். அவர் விசையை இழுத்தார். விசை அசையவில்லை. முகம் சிவக்க இழுத்தும் அசையவில்லை.

"யாராவது இதோடு உன் பக்கம் திரும்பினால் இப்படித்தான் பிடிக்க வேண்டும். உருளை சுழன்றால்தான் இது சுடும். சுழலவிடாமல் பிடித்துவிட்டால் சுடாது. ஆனால் ஒன்று." பின்னாலிருந்து தோட்டாவை அடிக்கும் சுத்தியைக் கட்டைவிரலால் இழுத்து நிறுத்தினார். "சுத்தி இப்படிப் பின்னால் நின்றுவிட்டால், நீ எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் பயனில்லை. அதனால் முதலில் சுத்தியைப் பார். பிறகு பிடி. தப்பான வரிசையில் செய்தால் கை போய்விடும்."

"கத்தக் கூடாதா?"

"காதுக்கவசம் போட்டவனிடம் கத்தினால் என்ன கேட்கும்? பாதிச் சத்தம் கேட்கும். பாதிச் சத்தம் கேட்டவன் என்ன செய்வான்?"

சுத்தியை இறக்கி, ரிவால்வரை என் கையில் கொடுத்தார். அவர் சட்டென்று என் பின்னால் போய் என் பெயரைச் சொன்னார். நான் திரும்பினேன். என் கையிலிருந்த ரிவால்வரும் என்னோடு திரும்பி அவர் வயிற்றைப் பார்த்தது.

"நீ செத்தவளிடம் பேசிக்கொண்டிருக்கிறாய்," என்றார் சிரிக்காமல்.

 அந்த வாரம் முழுவதும், பயந்தவர்களை எப்படிச் சமாளிப்பது என்றுதான் நான் கவலைப்பட்டேன். கை நடுங்குகிறவர்கள், அழுகிறவர்கள், பெரிய ரிவால்வரை வாங்கியதும் முகம் வெளுத்துப் போகிறவர்கள். போகப் போகத்தான் ஒன்று புரிந்தது. பயந்தவர் துப்பாக்கியைப் பாம்பைப் பிடிப்பது போல் தன்னிடமிருந்து தள்ளி, முன்னாலேயே நீட்டிப் பிடித்திருப்பார். ஒரு குண்டு சுட்டதும் மேசையில் வைத்துவிட்டுப் பின்வாங்குவார். அவரால் யாருக்கும் ஆபத்து வந்து நான் பார்த்ததில்லை.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

மூன்று பேர் வந்தார்கள். மாமனார், மகள், மருமகன். மூவர் நெற்றியிலும் திருநீறு. மேய்ஸ் ஹில் முருகன் கோவிலில் அர்ச்சனை முடித்துவிட்டு நேரே வந்திருந்தார்கள். அன்று மாமனாருக்குப் பிறந்தநாள். யாழ்ப்பாணத்துக்காரர், வந்து வெகு வருடங்களாகி, ஒரு பேக்கரியில் வேலை செய்கிறார். மகள் தர்ஷி இங்கேயே வளர்ந்தவள். மருமகன் நிரோஷன் கணினித் துறை, கல்யாணமாகி இன்னும் வருடம் முடியவில்லை. பிறந்தநாள் பரிசாக இந்தச் சுடும் பயிற்சிக்குச் சீட்டு வாங்கியவன் அவன்தான். மாமனாரின் மனத்தில் இடம்பிடிக்க வேண்டும் என்ற ஆசை அவன் நடையிலேயே தெரிந்தது. கதவைத் திறந்து பிடித்தான், நாற்காலியை இழுத்துப் போட்டான், தண்ணீர் வாங்கி வந்தான்.

நான் தமிழில் பேசியதும் அவனுக்கு ஒரே மகிழ்ச்சி.

"அக்கா இந்தியாவோ? நீங்கள் கதைக்கிறது படம் பாக்கிற மாதிரிக் கிடக்கு."

"படத்துல யாரும் பாதுகாப்பு விதி சொல்ல மாட்டாங்க தம்பி. நான் சொல்லப் போறேன், கவனமா கேளுங்க."

விதிகளைச் சொன்னேன். துப்பாக்கி எப்போதும் முன்பக்கம்தான் பார்க்கும். சுடாதபோது விரல் விசைக்கு வெளியே. யாருக்கும் கையில் கொடுக்கக் கூடாது. மேசையில் வைத்துவிட்டு விலக வேண்டும். யார் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது. நிரோஷனைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு விதி தெரியும்.

மாமனார் மட்டும் கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாட்டாமல் நின்றார்.

"எனக்கு உது வேண்டாம் பிள்ளை. இவை சுடட்டும். நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

"அப்பா, கமான்! இட்ஸ் யுவர் பர்த்டே," என்றாள் தர்ஷி.

"பிறந்தநாள் எண்டபடியால்தான் சொல்லுறன். இண்டைக்காவது என்னைச் சும்மா விடுங்கோ."

நிரோஷனின் முகம் வாடியது. "ஒருக்கா பாருங்கோ மாமா. பிடிக்காட்டி விடுவம்" என்றான். அவர் அதற்காகவே கவசத்தை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார். தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்குப் பின்னால், சுவரில் முதுகு பட நின்றார். எல்லாரும் துப்பாக்கிகளைப் பார்க்க, அவர் கதவு எங்கே இருக்கிறது என்று பார்த்தார். நான் அதைக் கவனித்தேன்.

நிரோஷன் முதலில் பெரிய பிஸ்டலில் சுட்டான். ஒவ்வொரு வெடிக்கும் தோள் குலுங்கியது. மூன்றாவதற்குள் மேசையில் வைத்துவிட்டு, "காணும் அக்கா, இது எனக்குச் சரிவராது" என்றான். 'காணும்' என்றால் அவர்கள் பேச்சில் 'போதும்'. தர்ஷி பின்னாலிருந்து சிரித்தாள். நானும் நிம்மதியாக மூச்சுவிட்டேன். பயந்தவன் பத்திரமானவன்.

அடுத்தது டுவென்டி-டூ ரிவால்வர்.

முதல் குண்டிலேயே அவன் முகம் மாறிவிட்டது. உதைப்பே இல்லை. தாளில் கறுப்பு வட்டத்துக்குள் சின்ன ஓட்டை. இரண்டாவது அதன் பக்கத்தில். "ஐயோ அக்கா, இது சரியான சுகமாக் கிடக்கு!" என்றான். அடுத்தது நடுவில் விழுந்ததும் வாய்விட்டுச் சிரித்தான். சிரிப்பில் தோள்கள் தளர்ந்தன. அவன் எத்தனை சுட்டோம் என்று எண்ணுவதை விட்டுவிட்டான்.

மறுபடி விசையை இழுத்தான். 'க்ளிக்' என்ற சத்தம் மட்டும் வந்தது.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். டுவென்டி-டூ தோட்டா சில சமயம் இப்படி ஏமாற்றும். சுத்தி அடித்தும் வெடிக்காது. பெரும்பாலும் செத்த தோட்டாவாகத்தான் இருக்கும். எப்போதாவது தாமதித்து வெடிக்கும். அதனால்தான் முன்பக்கமே பிடித்தபடி காத்திருக்கச் சொல்கிறோம். உருளையில் அதற்கு அடுத்த அறைகளில் நல்ல தோட்டாக்கள் மிச்சமிருந்தன. ஆனால் நிரோஷனின் காதில் அந்தக் 'க்ளிக்' ஒரே ஒரு செய்தியைத்தான் சொன்னது. முடிந்துவிட்டது, காலி.

காத்திருங்க என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் திரும்பிவிட்டான்.

ஏன் திரும்பினான் என்பதை யோசித்துப் பாருங்கள். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. நம் வீடுகளில் ஒரு நல்ல பண்டத்தை வாயில் போட்டவுடன் என்ன செய்கிறோம்? மீதியைப் பக்கத்திலிருப்பவரிடம் நீட்டுகிறோம். இந்தா, நீயும் சாப்பிட்டுப் பார். தனியாக ருசித்து முடிப்பது நமக்கு வராது. அதுவும் பெரியவர் ஒருவர் பின்னால் நிற்க, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சந்தோஷப்படுவது வளர்ப்புக்கே பொருந்தாது. நிரோஷன் நல்ல வளர்ப்பு. தன் கையில் கிடைத்த இன்பத்தை மாமாவுக்குக் கொடுக்க, முழு உடம்போடு திரும்பி, பெரியவர்களுக்குக் கொடுக்கும்போது செய்வதைப் போலவே இரண்டு கையாலும் நீட்டினான்.

குழல் முதலில் என் வயிற்றைக் கடந்தது. பிறகு அவர் நெஞ்சுக்கு நேராகப் போய் நின்றது.

"மாமா, இது நல்லாயிருக்கு. ஒருக்கா அடிச்சுப் பாருங்கோவன்!"

மாமனார் அசையவில்லை. கத்தவில்லை, குனியவில்லை. இரண்டு கைகளும் உடம்பிலிருந்து மெதுவாக விலகி, உள்ளங்கை வெளியே தெரியும்படி விரிந்தன. கண்கள் தரையைப் பார்த்தன. அது யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை. இப்படி நிற்பது அவர் உடம்புக்குப் பழக்கமானது என்று தெரிந்தது. அதைப் பார்த்ததுதான் அன்று என்னை எல்லாவற்றையும்விட அதிகமாக உலுக்கியது.

நிரோஷன் சிரித்தான். அவர் விளையாடுகிறார் என்று நினைத்துவிட்டான்.

"என்ன மாமா, பயந்திட்டீங்களோ? ஒண்டும் இல்லை, முடிஞ்சுது. இஞ்ச பாருங்கோ..."

அந்த 'இஞ்ச பாருங்கோ' என்ன என்று எனக்குப் புரிந்துவிட்டது. காலியான பேனாவை உதறிக் காட்டுவோமே, அது போல. காலி என்று காட்ட விசையை இழுக்கப் போகிறான்.

அந்த நேரத்தில் என்னென்ன நினைத்தேன் என்று பிறகு பலமுறை வரிசைப்படுத்திப் பார்த்திருக்கிறேன். கத்தினால் திடுக்கிடுவான், திடுக்கிட்டால் விரல் இறுகும். கீழே தட்டினால் கான்கிரீட் தரை. குண்டு தெறித்து யார் மேல் வேண்டுமானாலும் போகும். திரும்பிய வாக்கிலேயே இன்னும் சுற்றிவிட்டால் மாமனாருக்கு அந்தப் பக்கம் தர்ஷி, படம் எடுக்கக் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மிச்சம் இருந்தது, அதை வந்த வழியே திருப்புவது. அந்த வழியில் நான் நின்றேன்.

சுத்தியைப் பார்த்தேன். பின்னால் நிற்கவில்லை. ஓர் அடி உள்ளே வைத்து, குழல்முனையைத் தாண்டி அவனை ஒட்டிப் போய், மேலிருந்து உருளையைப் பிடித்தேன்.

பிடித்த அதே நொடியில் அவன் விசையை இழுத்தான்.

உருளை என் கைக்குள் திரும்பப் பார்த்தது. பிடித்த மீன் உள்ளங்கையில் புரளுவது போல ஓர் அசைவு.  அவன் இன்னும் அழுத்தினான், ஏன் வரவில்லை என்ற குழப்பத்தோடு. என் கைக்குள் அது மறுபடியும் திரும்பப் பார்த்தது. சுத்திக்கு நேரே இருந்த அந்தச் செத்த தோட்டா நிஜமாகவே செத்ததா, இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

தள்ளி நிற்பவருக்கு எட்டுவது குழல்முனை. ஒட்டி நிற்பவருக்குக் கைப்பிடி. அவன் தோளோடு தோளாக ஒட்டிக்கொண்டு, அவனையும் துப்பாக்கியையும் சேர்த்தே முன்பக்கம் திருப்பினேன். கூட்டத்தில் யாரையோ அணைத்து நகர்த்துவது போலத்தான் இருந்திருக்கும். குழல் என் விலாவுக்கு வெளியே காற்றில் போனது. மேசை வந்தது. இலக்குத் தாள் வந்தது.

"விரலை எடுங்க தம்பி. ம்ம். இப்ப கையை விடுங்க."

விட்டான். மேசையில் வைத்தேன், குழல் முன்னே பார்க்க. காத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். விதி சொல்லும் நேரத்தைவிட அதிகம். பிறகு உருளையைத் திறந்து தோட்டாக்களைக் கொட்டினேன். வெறும் கூடுகளோடு, விளிம்பில் சுத்தியின் தழும்பு விழுந்த ஒரு தோட்டா. அதன் கூடவே தழும்பே இல்லாமல் பளபளவென்று புதிதாய்ச் சில. நிரோஷன் அவற்றைப் பார்த்தான். பிறகு திரும்பி மாமாவைப் பார்த்தான். அவருடைய கைகள் இன்னும் விரிந்தபடியே இருந்தன.

அவன் கவசத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வெளியே போனான். கார் நிறுத்துமிடத்தில் வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று தலைவி எல்லாவற்றையும் பார்த்திருந்தார். லேனை மூடினார். என்னைத் தனியே அழைத்துத் தோளைத் தட்டிப் பாராட்டுவார் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன்.

"பெரிய பிஸ்டலில் சுட்டபோது நீ எங்கே நின்றாய்?"

"தோளை ஒட்டி."

"சின்னதில் சுட்டபோது?"

யோசித்தேன். அவன் முதல் குண்டுக்குச் சிரித்ததும் நான் அரை அடி பின்வாங்கியிருந்தேன். எல்லா ரேஞ்ச் ஆபீசர்களும் அப்படித்தான் செய்கிறோம். பயந்தவரை ஒட்டி நிற்கிறோம். சந்தோஷமாக இருப்பவருக்கு இடம் விடுகிறோம்.

"தலைகீழ்," என்றார் தலைவி. அவ்வளவுதான். பிறகு தான் குடிக்க வைத்திருந்த தண்ணீரை என்னிடம் நீட்டினார். ஒரே மூச்சில் குடித்தேன்.

மாமனாரைச் சாப்பாட்டு அறையில் உட்கார வைத்திருந்தார்கள். தேநீர் போட்டுக் கொண்டுபோனேன். பாதி சாஸரில் சிந்தியிருந்தது.

"ஐயா, மன்னிச்சுக்கோங்க. இது நடந்திருக்கக் கூடாது."

"நீங்கள் ஏன் மன்னிப்புக் கேக்கிறியள்?" கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.  "பெடியன் எங்க?"

"வெளியே இருக்கார். உள்ளே வர மாட்டேங்கிறார்."

தர்ஷி அழுதுகொண்டிருந்தாள். "அப்பா, ஹி டிடின்ட் மீன்..." என்று தொடங்கினாள்.

"எனக்குத் தெரியும் பிள்ளை. அவன் எனக்கு ஒரு நல்ல சாமானைத் தரத்தான் திரும்பினவன். அதை நான் பாத்தனான்." எழுந்தார். கோப்பையை மேசையில் வைத்தார். "எனக்குப் பயம் போகேல்ல. அது போகாது. ஆனா அவன் அங்க தனிய நிண்டால் இண்டையோட அவன் எனக்கு முகம் தர மாட்டான்."

வெளியே போனார். நான் கதவருகிலேயே நின்றேன். நிரோஷன் வேலியைப் பார்த்து நின்றான். மாமனார் பின்னாலிருந்து கூப்பிட்டார். கூப்பிடாமலே திரும்பியவன், இப்போது கூப்பிட்டும் திரும்பவில்லை. மாமனார் சுற்றிப் போய் அவன் முன்னால் நின்றார்.

"தம்பி, அடுத்த பிறந்தநாளுக்குப் போட ஒரு சேட்டு வாங்கித் தாரும். எனக்கு அது காணும்."

 அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். விசையை இழுத்த அந்தக் கையை. காருக்குப் போகும்வரை விடவில்லை.

அவனைக் காரில் உட்கார வைத்துவிட்டு, கவசங்களைத் திருப்பித் தரக் கவுண்டருக்கு அவர்தான் வந்தார். அங்கே நின்ற பையனுக்கு உள்ளே நடந்தது எதுவும் தெரியாது. வழக்கமாக எல்லாரிடமும் கேட்பதை அவரிடமும் உற்சாகமாகக் கேட்டான், எந்தத் துப்பாக்கி பிடித்தது என்று. தர்ஷி அவசரமாகக் குறுக்கிட்டு, "அப்பா, லெட்ஸ் கோ" என்றாள். அவர் அவளைக் கையமர்த்தினார். கேள்வி விளங்கியிருந்தது. என்னைப் பார்த்துத் தமிழில் பதில் சொன்னார்.

"நான் கனக்கத் துவக்குக் கண்டனான் தங்கச்சி. எல்லாம் என்ர பக்கம் திரும்பினதுதான். உங்கட கையில இண்டைக்கு ஒண்டு திரும்பிப் போச்சுது பாருங்கோ, அதுதான் எனக்குப் பிடிச்சது."

கவுண்டர் பையன் மொழிபெயர்ப்புக்காகத் தர்ஷியைப் பார்த்தான். அவள் அப்பாவுக்குக் கதவைத் திறந்து பிடித்தாள்.

அதன் பிறகு நம் தளத்தில் சில மாற்றங்கள் வந்தன. வேடிக்கை பார்ப்பவர்கள் இப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் நிற்கிறார்கள். லேனுக்குள் ஒருவர் மட்டும். புதிதாகச் சேர்ந்த உங்களுக்கு அது கெடுபிடியாகத் தெரியலாம். குடும்பமாக வந்தவர்கள் முகம் சுளிப்பதும் உண்டு. சுளிக்கட்டும். ஆனால் கண்ணாடியை மட்டும் நம்பாதீர்கள். கண்ணாடிக்கு அப்பால் அப்பா நிற்கிறார் என்று தெரிந்தாலே போதும், கழுத்து திரும்பும். கழுத்துக்குப் பின்னால் தோள் வரும். தோளுக்குப் பின்னால் எது வரும் என்று உங்களுக்குத் தெரியும்.

நான் வேலையை விட்டது, உங்களில் சிலர் நினைப்பது போல, வயதால் இல்லை. உள்ளரங்கக் காற்றில் கலக்கும் ஈயம் என் இரத்தத்தில் ஏறிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு பரிசோதனைக்கும் மருத்துவரின் புருவம் உயர்ந்தது. கடைசியில், போதும் என்றார். நீங்கள் கை கழுவாமல் சாப்பிட உட்கார்ந்தால் நான் ஏன் அப்படிக் கத்தினேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

கடைசி நாள் தலைவி ஒரு லேனைத் திறந்துவிட்டார். "எது வேண்டுமானாலும் எடு. இன்று நீ விருந்தாளி" என்றார். அலமாரியில் எல்லாம் இருந்தன. நான் அந்த டுவென்டி-டூ ரிவால்வரை எடுத்தேன். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு சுத்தம் செய்ய மட்டும் தொட்டிருக்கிறேன். ஒரு நாளும் சுட்டதில்லை. உருளையை மூடும்போது, அது உள்ளங்கையில் புரண்ட நினைவு வந்தது; பயத்தில் மறுபடி திறந்து தோட்டாக்களை எண்ணினேன்.

முதல் குண்டு நடுவில் விழுந்தது. அடுத்ததும். பயம் எப்போது போனது என்று தெரியவில்லை. நல்ல துப்பாக்கி அது. கை நினைப்பதற்கு முன்பே சுடும். கண்ணாடிக்குப் பின்னால் நீங்கள் எல்லாரும் நின்றிருந்தீர்கள். உங்களில் யாரோ கண்ணாடியைத் தட்டிக் கைகொட்டினார். அந்தச் சத்தம் கவசத்துக்குள் பாதியாகக் கேட்டது. நான் சிரித்தேன். என் முகம் முழுக்கச் சிரிப்பு. இதை உங்களிடம் காட்ட வேண்டும் என்று இருந்தது.

என் கழுத்து திரும்பத் தொடங்கியது.

அதற்குமேல் திரும்பவில்லை. தோளில் ஒரு தோள் இடித்தது. உருளையின் மேல் ஒரு கை ஏற்கெனவே இருந்தது. தலைவி எப்போது நெருங்கி வந்தார் என்று எனக்குத் தெரியாது. நான் சிரிக்கத் தொடங்கியபோதே வந்திருக்க வேண்டும்.